வாய் திறக்காத மொழித் தேர்வு: ஜேஎல்பிடி வினாத்தாளை ஒரு புத்தகம் போலப் படித்தபோது

புத்தக விமர்சனம் எழுதுவோம், பட விமர்சனம் எழுதுவோம். வினாத்தாளுக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. எழுதினால் என்ன என்று தோன்றியது. ஒரு நாவலைவிட அதிகம் பேருடைய வாழ்க்கையை ஒரு வினாத்தாள் தீர்மானிக்கிறது, இல்லையா?

நான் எடுத்துக்கொண்டது ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, சுருக்கமாக ஜேஎல்பிடி. அலுவலக வேலைக்காகப் படிக்க ஆரம்பித்து, என்5, என்4, என்3 என்று மூன்று நிலைகளை இடைவெளி விட்டு விட்டுச் சென்னையில் எழுதியிருக்கிறேன். ஆலங்காயத்துக்காரனுக்கு அது வாணியம்பாடி வரை பஸ், அங்கிருந்து ரயில், முந்தின நாள் ராத்திரி எங்கேயாவது தங்கல். 2010-க்குப் பிறகு நிஜ வினாத்தாளைத் தேர்வறையிலேயே திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். வெளியே கிடைப்பது, நடத்துகிறவர்களே 2012-லும் 2018-லும் வெளியிட்ட இரண்டு மாதிரித் தொகுப்புகள். இணையத்தில் இலவசம். இரண்டையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, மதிப்பெண் பற்றிய கவலை இல்லாமல், ஒரு நூலைப் படிப்பதுபோல் படித்தேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1984-ல் ஆரம்பித்த தேர்வு. முதல் வருடம் உலகம் முழுக்க எழுதியவர்கள் சுமார் 7,000 பேர். இப்போது வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் விண்ணப்பிக்கிறார்கள். முதலில் நான்கு நிலைகள் இருந்தன, 2010-ல் ஐந்தாக மாற்றினார்கள். என்5 முதல் படி, என்1 உச்சிப் படி. ஜூலையில் ஒரு ஞாயிறு, டிசம்பரில் ஒரு ஞாயிறு. சென்னையில் இதை நடத்துவது ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம். தோசோகாய் என்றால் முன்னாள் மாணவர் சங்கம். ஜப்பானில் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் தொடங்கியது.

தேர்வு எப்படி இருக்கும்? சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல். எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பென்சிலால் வட்டத்தைக் கருப்பாக்குவது. என்3-க்கு மூன்று கட்டமாக 30, 70, 40 நிமிடம். அவ்வளவு நேரத்தில் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டாம். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். ஏதோ கீழ்நிலைக்கு மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள், என்1 வரைக்கும் இதே கதைதான். ஜப்பானிய மொழியில் வாயே திறக்காத ஒருவர் உச்சிச் சான்றிதழை வாங்க முடியும். ஒரு சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், வாசிக்கும் அனுமதியை மட்டும் சோதித்துவிட்டு, எழுதும் அனுமதியும் சேர்ந்த கணக்கைத் திறந்து கொடுப்பது மாதிரி.

இதில் நடத்துகிறவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் பல நாடுகளில் லட்சக்கணக்கானவர்களை உட்காரவைத்துப் பேச்சுத் தேர்வு நடத்த ஆள் கிடையாது. கிடைத்தாலும் சென்னையில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளரும் ஹனோயில் இருப்பவரும் ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இருக்கிற பகுதியை அவர்கள் ஒழுங்காகத்தான் அளக்கிறார்கள். இத்தனை கேள்வி சரி, அதனால் இத்தனை மதிப்பெண் என்ற நேர்க்கணக்கு கிடையாது. எந்தெந்தக் கேள்விக்குச் சரியாகச் சொன்னீர்கள் என்ற வடிவத்தை வைத்துப் புள்ளியியல் முறையில் கணக்கிடுகிறார்கள். கடினமான ஜூலைத் தாளும் சுலபமான டிசம்பர் தாளும் அதனால் சமமாகின்றன. மொத்தம் 180. என்3-க்கு 95, என்4-க்கு 90 வாங்கவேண்டும். அதோடு பகுதிவாரியாகவும் ஒரு குறைந்தபட்சம் உண்டு. மொத்தத்தில் 120 வாங்கி, கேட்டலில் 60-க்கு 18 வாங்கினால் பெயில். அந்தக் கறார் எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து மலைச்சாலையில் போனால் காவலூர். 1986-லிருந்து அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, இப்போது வைணு பாப்பு பெயரில். ஒரு நட்சத்திரத்தின் ஒளியை அளக்கும்போது எந்த வண்ண வடிகட்டி வழியாக அளந்தோம் என்பதைச் சேர்த்தே குறிப்பார்கள். வடிகட்டியின் பெயர் இல்லாத அளவு வானியலில் செல்லாக் காசு. ஜேஎல்பிடியிலும் வடிகட்டி உண்டு. பிரச்சினை, சான்றிதழைக் கையில் வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் பெயரைப் படிப்பதில்லை என்பது.

சரி, அந்த வடிகட்டி தமிழ் பேசுகிறவர்களை என்ன செய்கிறது? என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது இந்தக் கேள்விதான்.

மாதிரித் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி வகை நட்சத்திரக் கேள்வி. நான்கு துண்டுகளை ஒழுங்காக அடுக்கி, நட்சத்திரம் போட்ட இடத்தில் எந்தத் துண்டு வரும் என்று சொல்லவேண்டும். நானே ஒன்று அமைத்துக் காட்டுகிறேன். கொரே வா (இது) என்று ஆரம்பித்து தெஸ் என்று முடிகிறது. நடுவில் அடுக்கவேண்டியவை: த்சுகுத்தா (செய்த), கேக்கி (கேக்), ஹஹா கா (அம்மா), தன்ஜோபி நி (பிறந்தநாளுக்கு). நட்சத்திரம் மூன்றாவது இடத்தில். நீங்கள் ஒரு நாள்கூட ஜப்பானியம் படித்திருக்க வேண்டாம், தமிழில் அடுக்குங்கள்: இது, பிறந்தநாளுக்கு, அம்மா, செய்த, கேக். மூன்றாவது 'செய்த'. விடை த்சுகுத்தா. முடிந்தது! ஆங்கிலம் பேசுகிறவர் இதே வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பவேண்டும், 'கேக்' முதலில் வந்து 'அம்மா செய்த' பின்னால் போகும். நமக்கு அந்த வேலையே இல்லை.

இது வெறும் சொல் வரிசையோடு நிற்கவில்லை. வசுரெதெ ஷிமத்தா என்றால் மறந்துவிட்டேன். 'வசுரெதெ' மறந்து, 'ஷிமத்தா' விட்டேன். பேச்சில் அவர்கள் அதைச் சுருக்கி வசுரெச்சத்தா என்பார்கள், நாம் மறந்துட்டேன் என்போம். இத்தே மிரு, போய்ப் பார். காய்தெ ஒகு, எழுதி வை. 'மிரு' தனியாக நின்றாலும் பார்தான், 'ஒகு' தனியாக நின்றாலும் வைதான். நான் படித்த வகுப்பில் இதையெல்லாம் ஆங்கில விளக்கம் வழியாகத்தான் சொல்லித்தந்தார்கள். 'வருத்தம் அல்லது முழுமையைக் குறிக்கும் துணைவினை' என்று ஒரு பத்தி. மறந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முப்பது பேருக்கும் அந்த நிமிடமே விளங்கியிருக்கும்.

வினைச்சொற்களின் ஜோடியைப் பாருங்கள். அகு என்றால் தானாகத் திறப்பது, அகெரு என்றால் நாம் திறப்பது. தொமரு தானாக நிற்பது, தொமெரு நாம் நிறுத்துவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அதனால் ஆங்கில வழிப் புத்தகங்கள் இதைப் பெரிய பூதமாகக் காட்டுகின்றன. திரும்பு-திருப்பு, ஓடு-ஓட்டு, உருகு-உருக்கு என்று வளர்ந்த நமக்கு இதில் என்ன பூதம்?

கொடுக்கல் வாங்கல் இன்னும் சுவாரசியம். ஜப்பானியத்தில் எனக்கோ என்னைச் சேர்ந்தவர்களுக்கோ ஒருவர் கொடுத்தால் குரெரு. வெளியே போனால் அகெரு (மேலே சொன்ன திறப்பது வேறு அகெரு, தமிழில் எழுதும்போது மட்டும் ஒன்று). வெளிநாட்டவர் எல்லோரும் தடுமாறும் இடம். தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் இதற்குப் பக்கத்து வீட்டு விதி ஒன்று இருக்கிறது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை நோக்கியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கை நோக்கியவை. முன்னிலையையும் உள்ளே சேர்ப்பதில் அது குரெருவிலிருந்து மாறுபடுகிறது, ஆனால் சிந்தனை அதேதான், கைமாறும் பொருள் பேசுகிறவர் பக்கம் வருகிறதா, விலகிப் போகிறதா என்பது. மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழில் 'எனக்குக் கொடு' என்று சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். ஆனாலும் ஒஷியெதெ குரெத்தா என்ற பிரயோகத்துக்குச் 'சொல்லித் தந்தார்' என்பதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எந்த மொழியிலாவது இருக்குமா, தெரியவில்லை.

இந்த இடத்தில் யாராவது சுசுமு ஓனோவை இழுப்பீர்கள். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பல வருடம் வாதாடிய பேராசிரியர், 2008-ல் காலமானார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பின்னால் ஒட்டுவது எல்லாம் கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட உண்டு. உறவு இருந்தால்தான் உதவும் என்று கட்டாயமா என்ன? ஒரே அச்சில் வார்த்த இரண்டு பாத்திரங்கள் ஒரே வீட்டுப் பாத்திரங்களாக இருக்கவேண்டியதில்லை.

காதுக்கும் நமக்குச் சாதகம் உண்டு. ஒபசான் என்றால் அத்தை, ஒபாசான் என்றால் பாட்டி. கிதே வா, கித்தே தபால்தலை, கீதே கேள். படு, பாடு, பட்டு, பாட்டு என்று பிரித்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதே இல்லை. ஜப்பானியர்கள் சொல்லை அளப்பதும் நம் மாத்திரை போன்ற ஒரு கணக்கில்தான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வாக்கியத்தை அடுக்குவது, துணைவினை சேர்ப்பது, தருவதையும் கொடுப்பதையும் பிரிப்பது. நமக்கு இலவசமாகக் கிடைத்த இவை எல்லாம் ஒருவர் *பேசும்போதும் எழுதும்போதும்* முழுசாகப் பயன்படுகிறவை. தேர்வில் இவற்றுக்கு என்ன இடம்? நட்சத்திரக் கேள்விகள் ஒரு தாளில் விரல்விட்டு எண்ணும் அளவே. மற்ற இலக்கணக் கேள்விகளில் வாக்கியத்தை அவர்களே கட்டித் தந்துவிடுகிறார்கள், நாம் ஓட்டையில் ஒரு துண்டைச் செருகவேண்டும். அவ்வளவுதான்.

பதிலாக, மேலே போகப்போகத் தேர்வு கேட்பது கான்ஜி. (காஞ்சி என்று எழுதினால் பட்டுப்புடவை ஞாபகம் வருகிறது, அதனால் இப்படி.) சீன எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2,136 இருக்கின்றன. 'உயிர்' என்று பொருள் தரும் ஒரே எழுத்தைச் செய், ஷோ, நமா, இகிருவின் இ, உமரெருவின் உ என்று இடத்துக்கு இடம் வேறு மாதிரி வாசிக்கவேண்டும். சீன மாணவருக்கு எழுத்தின் முகமாவது தெரியும். நமக்கு வெறும் கோடுகள். இதையும் எழுதிக் காட்டச் சொன்னால் நியாயம், கை பழகும். நான்கு எழுத்தில் சரியானதை அடையாளம் காணச் சொல்கிறார்கள். ஆள் அடையாள அணிவகுப்பு மாதிரி. அடையாளம் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்த முகத்தை நம்மால் வரைய முடியாது.

எத்தனை கான்ஜி தெரிந்திருக்கவேண்டும்? பழைய தேர்வுக்கு அதிகாரபூர்வப் பட்டியல் இருந்தது. கடைநிலைக்குச் சுமார் 100 எழுத்தும் 800 சொல்லும், உச்சிக்குச் சுமார் 2,000 எழுத்தும் 10,000 சொல்லும். 2010-லிருந்து பட்டியல் வெளியிடுவதில்லை. மனப்பாடம் நோக்கமாகிவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். நல்ல எண்ணம்தான். நடைமுறையில் என்ன ஆனது? 'என்3-க்கு 650 கான்ஜி' என்று பதிப்பகங்கள் ஊகித்துப் பட்டியல் போடுகின்றன, மாணவர்கள் அந்த ஊகத்தை மனப்பாடம் செய்கிறார்கள். பாடத்திட்டம் இல்லாத இடத்தில் கைடு பாடத்திட்டமாகிவிடும் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஐ.டி. ஆட்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. கம்பெனி நேர்காணலில் பேசித்தான் ஆகவேண்டும், சாயம் அங்கே வெளுத்துவிடும். உயர்திறன் விசாவுக்கான புள்ளிக் கணக்கில் என்1-க்கு 15, என்2-க்கு 10 தருகிறார்கள். அது உபரி. எனக்குக் கவலை இன்னொரு கூட்டத்தைப் பற்றி.

2019 ஏப்ரலில் ஜப்பான் 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' என்ற விசாவைத் தொடங்கியது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டுமானம் மாதிரி ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கு. 2021 ஜனவரியில் இந்தியா இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. 2025 ஆகஸ்டில் இரு நாட்டுப் பிரதமர்களும் அறிவித்த திட்டத்தில், ஐந்து வருடத்தில் இந்தியாவிலிருந்து 50,000 திறன்பணியாளர்கள் என்று ஒரு எண் இருக்கிறது. மொழித் தகுதி என்4, அல்லது ஜேஎஃப்டி-பேசிக் என்ற கணினித் தேர்வு. அந்தக் கணினித் தேர்வில் 'உரையாடலும் வெளிப்பாடும்' என்றே ஒரு பகுதி உண்டு. அதிலும் உரையாடவேண்டாம், விடையைச் சொடுக்கவேண்டும்! பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதற்குமேல் தனி மொழித் தேர்வு ஒன்று வைக்கிறார்கள். என்4 போதாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது, நல்லது. ஆனால் அதுவும் திரையில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுதான்.

பராமரிப்பு வேலை என்றால் என்ன? எண்பத்தைந்து வயது ஜப்பானியப் பாட்டியைக் கைத்தாங்கலாக எழுப்பி உட்காரவைக்கும்போது வலிக்கிறதா என்று கேட்பது. பல்செட் இல்லாத வாயிலிருந்து வட்டார வழக்கில் வரும் பதிலைப் புரிந்துகொள்வது. ஷிஃப்ட் முடியும்போது அடுத்தவருக்காகக் குறிப்பு எழுதுவது. தேர்வின் கேட்டல் பகுதியில் வருவது ஸ்டுடியோவில் பதிவான தெளிந்த பொதுஜப்பானியம். பதிவு ஒருமுறைதான் ஓடும், மறுபடி கேட்க முடியாது. நிஜத்தில் 'இன்னொரு தரம் சொல்லுங்க பாட்டி' என்று கேட்கத் தெரிவதுதான் பாதி வேலை. அதைச் சோதிக்க வழியே இல்லை.

தேர்வை நடத்துகிறவர்கள் 'என்னால் இது முடியும்' என்றொரு பட்டியலை வெளியிட்டிருக்கிறார்கள். என்4 தேறியவர் என்ன பேசுவார், என்ன எழுதுவார் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆகா, அளந்திருக்கிறார்களே என்று பார்த்தால், அது தேர்வு எழுதியவர்களிடம் 'உங்களால் முடியும் என்று நினைக்கிறீர்களா' என்று கேட்டுத் தொகுத்த சுயமதிப்பீடு. அவர்களே அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பயிற்சி நிலையத்து நோட்டீஸில் அந்தப் பட்டியல் வரும்போது சுயமதிப்பீடு என்ற சொல் மட்டும் காணாமல் போய்விடுகிறது. 'மூன்றே மாதத்தில் என்4' என்ற வரி பெரிய எழுத்தில் நிற்கிறது.

2025 டிசம்பர் தேர்விலிருந்து மதிப்பெண் தாளில் ஒரு புதிய கட்டம் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பியர்கள் எல்லா மொழிக்கும் பொதுவாக வைத்திருக்கும் சிஇஎஃப்ஆர் அளவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும். என்4 தேறினால் ஏ2. என்3-ல் 104-க்குக் கீழே என்றால் தேறினாலும் ஏ2தான், மேலே போனால் பி1. என்1-ல் 142 தொட்டால்தான் சி1. இந்த வெளிப்படைத்தன்மை வரவேற்கவேண்டியது, என்1 என்றாலே தாய்மொழிக்காரர் மாதிரி என்ற மாயை உடையும். ஆனால் அதே அளவில் ஜெர்மன் கதே தேர்வு கொடுக்கும் ஏ2-வுக்குப் பின்னால் எழுத்தும் பேச்சும் சேர்ந்திருக்கின்றன. இந்த ஏ2-வுக்குப் பின்னால் கண்ணும் காதும் மட்டுமே. ஒரே பெயர், வேறு வேறு வடிகட்டி.

என் அக்கா மகள் நர்சிங் முடித்தவள், என்4-க்குப் படிக்கிறாள். 2018 மாதிரித் தாளில் முக்கால்வாசிக்கு மேல் சரியாகப் போட்டாள். 'மதியச் சாப்பாட்டைப் பாதி மிச்சம் வைத்தார். வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்' என்று ஒரு குறிப்பு எழுதச் சொன்னேன். எல்லாமே அவளுக்குத் தெரிந்த சொற்கள். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, இது பரிட்சைல வராதே?"

உண்மைதான், வராது. தமிழ் வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்குக் கீழேயும் ஜப்பானியத்தை வைக்கச் சொன்னேன். ஹிரு கோஹன் ஓ, ஹன்புன், நொகொஷிமஷ்தா. மதியச் சாப்பாட்டை, பாதி, மிச்சம் வைத்தார். ஒனகா கா, இதாய், தோ, இத்தே இமஷ்தா. வயிறு, வலிக்கிறது, என்று, சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் 'தோ' நம் 'என்று' நிற்கும் இடத்திலேயே நிற்பதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். எட்டு மாத வகுப்பில் ஒருவரும் அவளிடம் தமிழில் யோசி என்று சொல்லவில்லையாம். ஆங்கிலத்துக்குப் போய்விட்டுத்தான் ஜப்பானியத்துக்கு வரவேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

ஜூலைத் தேர்வுக்குப் பதிவு செய்திருக்கிறாள். கான்ஜி அட்டைகள் அப்படியே ஓடுகின்றன, அவை இல்லாமல் தேற முடியாது. கூடவே ராத்திரி மூன்று வரிக் குறிப்பு: எங்கள் அம்மா அன்றைக்கு என்ன சாப்பிட்டார், எப்போது தூங்கினார், எங்கே வலி என்றார். எழுதியதை வாட்ஸ்அப்பில் குரலாகவும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நேற்று வந்த மூன்று வரியில் இரண்டு பிழை, இரண்டும் 'வா'வுக்கும் 'கா'வுக்கும் உள்ள வித்தியாசத்தில். தமிழ் கைவிடும் இடம் அது. அதைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரையே வேண்டும்.